கொடி நனையக் கூடாது

எங்கள் வீட்டுக்குக் கொடிக்காரன் வீடு என்று பெயர். பாறசாலையிலிருந்து ஆரியங்கோட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, "கொடிக்காரன் வீட்டு முக்கு" என்றால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துத் தந்துவிடுவார். அப்படி ஒரு ஸ்டாப் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. என் பாட்டா, அதாவது அப்பாவைப் பெற்றவர், வெள்ளைக்காரன் பட்டாளத்தில் ரெஜிமென்ட் கொடியைத் தூக்கியவர். பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது எதிரியின் கையில் சிக்காமல் அந்தக் கொடியை முதுகில் கட்டிச் சுமந்துகொண்டு வந்தவர். ஊருக்கு இவ்வளவுதான் தெரியும். இவ்வளவு தெரிந்தால் போதும் என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

ஒவ்வொரு வருடமும் சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற வரச்சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வரும். "எனக்கு மரச்சீனி வெளையில வேல உண்டு" என்று சொல்லிவிட்டு பாட்டா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரவள்ளித் தோட்டத்துக்குப் போய்விடுவார். வேலை ஒன்றும் இருக்காது. மதியம் வரை வரப்பில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஹெட்மாஸ்டர் அதையே மைக்கில் சொல்வார்: கொடியைக் காப்பாற்றிய வீரர், இந்த வயதிலும் புகழை விரும்பாமல் மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறார் என்று. பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒரு மனிதன் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டால் அதற்கும் அடக்கம் என்று பெயர் வைக்கிற ஊர் இது.

பாட்டா முதுகில் எதையும் ஏற்றமாட்டார். ஆறடி உயரம், கடைசிவரை வளையாத முதுகு. ஆனால் மரச்சீனிக் கட்டைத் தலையில் வைப்பார், அல்லது தரையில் இழுத்துக்கொண்டு வருவார். சின்ன வயதில் நான் உப்புமூட்டை தூக்கச் சொல்லிப் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் என் கையைப் பிய்த்து எறிவார். எனக்குக் கோபம் வரும். என் மேல் அன்பில்லை என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் அடுப்பு இரண்டு. ஒன்று எங்களுடையது. இன்னொன்று மேற்கே, ஓலைச் சாய்ப்பில், மாமியுடையது. மாமி பாட்டாவின் தங்கை. என் அப்பாவுக்கு அத்தை; எங்கள் பக்கத்தில் மாமி என்போம், அப்பா கூப்பிட்டதைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் அவர் மாமியாகவே ஆகிவிட்டார். மாமியின் மாப்பிள்ளையும், அதாவது கணவரும், பாட்டாவும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். பாட்டா திரும்பி வந்தார், அவர் வரவில்லை. பிள்ளை இல்லை என்பதால் மாப்பிள்ளை வீட்டார் மாமியைத் துரத்திவிட்டார்கள். போக வேறு இடமில்லாமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவர் அண்ணன் வீட்டுச் சோற்றில் ஒரு பருக்கைகூடத் தின்றதில்லை. அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைத்து, தன் அரிசியைத் தானே வாங்கி, தன் அடுப்பில் பொங்கித் தின்றார். கொட்டை எண்ணெய் பட்டு அவருடைய விரல்கள் கரிந்துபோயிருக்கும். கண்பார்வை குறைந்து ஆபீசில் எடுக்காமல் விட்டபின் பக்கத்துக் கொட்டகைக்காரனிடம் கொட்டை வாங்கி வந்து வீட்டிலிருந்தே உடைத்தார்.

அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. சொத்துத் தகராறு என்று ஊரில் சொல்வார்கள். சொத்து என்று பெரிதாக என்ன இருந்தது?

நான் மாப்பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து, பாறசாலை முக்கில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்த சமயம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அப்பா வார்டுக்கு நின்றார். எந்தக் கட்சி என்று சொல்லி இனி யாருக்கும் ஆகப்போவதில்லை, எல்லாக் கட்சியும் இதைத்தான் செய்திருக்கும். அப்பா நோட்டீசில் தன் படத்தை விடப் பெரிதாகப் பாட்டாவின் பட்டாளத்துப் படத்தைப் போட்டார். கொடிக்காரனின் மகன் என்று கொட்டை எழுத்து. தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று.

கட்டு நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று அப்பா கேட்டார்.

"அப்பா, ஒரு நாளு மேடையில வந்து இருந்தா போரும். ஒண்ணும் பேசண்டாம்."

"எனக்க படத்த எடுத்து மாத்து."

"என்னத்துக்கு? ஊரே சொல்லுதில்லியா? நான் என்ன பொய்யா போட்டிருக்கேன்?"

பாட்டா பல் விளக்கிக்கொண்டிருந்த மாவிலையைத் துப்பினார். "ஒனக்கு என்னவாக்கும் தெரியும், அந்தக் கொடியப் பத்தி?"

அதன் பிறகு நின்ற இடத்திலேயே சொன்னார். கதை சொல்வதுபோல் சொல்லவில்லை. திட்டுவதுபோல் சொன்னார்.

உயரமாக இருந்ததால் பாட்டாவை அணிவகுப்பில் கொடி தூக்கவிட்டார்கள். சண்டைக்குப் போகும்போது யாரும் கொடியைப் பிடித்துக்கொண்டு போவதில்லை, கம்பிலிருந்து கழற்றிச் சுருட்டி மெழுகுத்துணியில் கட்டிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பின்வாங்கும்போது பெட்டியைத் தூக்க லாரி இல்லை. சுருட்டிய கொடியைப் பாட்டாவின் முதுகில் கட்டினார்கள். ஓர் ஆற்றங்கரையில் மாமியின் மாப்பிள்ளைக்குத் தொடையில் குண்டு பட்டது. நடக்க முடியவில்லை. தண்ணீர் மற்றவர்களுக்குக் கழுத்துவரை, பாட்டாவுக்கு நெஞ்சுவரை. நீந்திக் கடக்கத் தெரிந்தவர்களும் கடந்துகொண்டிருந்தார்கள், தெரியாதவர்களும் கடந்துகொண்டிருந்தார்கள்.

"மச்சான், என்னத் தூக்குண்ணு சொன்னான். நான் கொடிக்கெட்ட அவுத்தேன். வெள்ளக்கார சாயிப்பு பாத்துட்டான். கொடி நனையப்பிடாதுண்ணு சொன்னான். எனக்கு இருந்தது ஒரு முதுகு. நான் மறுபடியும் கெட்டினேன்." பாட்டா தன் தோளைத் தட்டிக் காட்டினார். "திரும்பி வாறேன்ணு அவன்கிட்ட சொன்னேன். அக்கரைக்குப் போனபெறகு திரும்ப விடல்ல. அவன் கூப்பிட்டான். எனக்க பேரச் சொல்லியில்ல. இவளுக்க பேரச் சொல்லி."

மேற்கே கொட்டை உடைக்கும் சத்தம் நின்றிருந்தது. அப்போதுதான் கவனித்தேன். மாமி சாய்ப்பிலிருந்து எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"பாக்கியையும் சொல்லு. அந்தக் கொடி இப்ப எங்க இருக்குண்ணு ஒனக்க மவனுக்குச் சொல்லு."

பாட்டா சுவரைப் பார்த்து நின்றார். "அடுத்த ஆத்தங்கரையில சாயிப்பே தீ வச்சான். எதிரி கிட்ட வந்துட்டான்ணு. பெட்ரோல் ஊத்தி வச்சான். நான் பக்கத்தில நிண்ணு சல்யூட் அடிச்சேன்."

மாமி மறுபடியும் கொட்டையைத் தட்டத் தொடங்கினார். பட்டாளத்திலிருந்து வந்த அன்றைக்கே, செருப்பைக்கூடக் கழற்றாமல், தங்கையிடம் பாட்டா இதையெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். குண்டு பட்ட உடனே செத்துவிட்டான் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் மாமி அவரோடு உட்கார்ந்து சோறு தின்றிருப்பார். அவர் சொல்லவில்லை. அதற்காக இரண்டு பேரும் ஐம்பது வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் புகைந்துகொண்டிருந்தார்கள்.

அப்பா நோட்டீசுக் கட்டைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். பிறகு அவர் சொன்னது இதுதான்: "செரி. இத வெளிய யாருகிட்டயும் சொல்லண்டாம்."

நோட்டீசு மாறவில்லை. சுவரெல்லாம் ஒட்டினார்கள்.

சில நாள் கழித்து பாட்டா என் கடைக்கு வந்தார். நான் தேர்தலுக்கான கொடிகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா தந்த வேலை. பாட்டா ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, கையைச் சுட்டதுபோல் மேசையில் போட்டார்.

"நான் செத்தா எனக்க மேல இதுல ஒண்ணும் விழப்பிடாது. கேட்டியா?"

"அப்பாகிட்ட சொல்லுங்க."

"அவன்கிட்ட சொன்னா இன்னும் ரெண்டு கூடுதலாப் போடுவான். ஒன்கிட்டயாக்கும் சொல்லுதேன். அவ ஒரு துணி போட்டா போரும். போடல்லேண்ணா வேண்டாம், சும்மா போறேன்."

எங்கள் பக்கத்தில் ஆண் ஒருவன் செத்தால் உடன்பிறந்தவள் புதுத்துணி கொண்டுவந்து போடவேண்டும். கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இதுதான் வழக்கம், சர்ச்சுக்குப் போகிற எங்களுக்கும் இதுதான். அந்தத் துணி உடம்பைத் தொட வேண்டும். உடன்பிறந்தவள் உயிரோடிருந்தும் துணி விழாமல் போனால், அவள் இவனைக் கடைசிவரை வேண்டாம் என்று வைத்துவிட்டாள் என்று அர்த்தம். பாட்டாவுக்கு அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது.

"நீங்களே மாமிகிட்ட கேளுங்க."

"நான் கேட்டா போடமாட்டா. நீ கேளு மக்கா."

கேட்டேன். மாமி ஒரு கொட்டையை உடைத்து, பருப்பு முழுசாக வந்ததா என்று திருப்பிப் பார்த்தார்.

"செத்தாச்சா?"

"இல்ல மாமி."

"பின்ன என்னத்துக்கு இப்ப கேக்குதே? போ, போய்த் தைய்யி."

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் வெளுத்த முண்டும் நேரியது என்ற மேல்துணியும் உடுத்திக்கொண்டு மாமி என் கடை வாசலில் வந்து நின்றார். "எடி, பாலராமபுரம் போவணும். வாறியா?"

நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி அந்த நெசவு ஊருக்குப் போனோம். முதல் கடைக்காரன் கசவு, அதாவது ஜரிகைக் கரை, வைத்த வேட்டிகளை மடமடவென்று விரித்துப் போட்டான்.

"கல்யாணத்துக்கா அம்மச்சி?"

"சாவுக்காக்கும்."

அவன் முகத்தை மாற்றிக்கொண்டு வேறு கட்டை எடுத்தான். "யாரு செத்தது?"

"இன்னும் சாவல்ல."

அவன் என்னைப் பார்த்தான். மாமி ஒவ்வொரு துணியாகக் கரிந்த விரலால் தடவிப் பார்த்து வேண்டாம் என்று தள்ளினார். "கரை வேண்டாம். ஒரு நெறமும் வேண்டாம். எழுத்து வேண்டாம், கோடு வேண்டாம். வெறும் வெள்ளத் துணி இல்லியா ஒனக்க கடையில?" ஊரே கரைக்காகத் துணி வாங்க வருகிற இடத்தில் கரையில்லாத துணிக்கு நான்கு கடை ஏறி இறங்கினோம். கடைசியில் கிடைத்தது. நல்ல கனமான நெசவு. பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்துக்கொண்டே வந்தார். பாட்டாவிடம் போய்ச் சொன்னேன். அன்று இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வோட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருநாள் காலையில் பாட்டா செத்துப்போனார். படுக்கையிலேயே, வலி ஒன்றும் இல்லாமல். அப்பா அழுதார். அழுதது உண்மைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துவிட்டு முதல் காரியமாகக் கட்சி ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். அதுவும் உண்மைதான்.

மறுநாள் சாயங்காலம் வரை ஐஸ் வைத்துக் காத்திருந்தோம். நெய்யாற்றின்கரையிலிருந்து பெரிய தலைவர் வரவேண்டும். கேரளத்தில் செத்தவன் மேல் கொடி போர்த்தாமல் ஒரு கட்சியும் விடாது. ரீத்து என்று சொல்லும் மலர்வளையம், கோஷம், மௌனம், பிறகு பேச்சு. ஜீப் வந்தது. தலைவர் இறங்கினார். அதே நேரம் பட்டாளக்காரர் சங்கத்திலிருந்தும் ஆட்கள் தங்கள் கொடியோடு வந்தார்கள். இரண்டு கூட்டமும் சவப்பெட்டிக்கு இரண்டு பக்கம் நின்றன.

"பட்டாளக்காரனுக்கு மேல எங்க கொடியாக்கும் மொதல்ல விழணும்."

"ஓய், அவருக்க மவன் எங்க ஆளாக்கும்."

"மவன் ஒங்க ஆளுண்ணா மவன் சாவும்போ போடும்."

யாரோ சிரித்தார்கள். பிணத்துக்கு மேல் நின்று சிரித்தார்கள். கடைசியில் நெஞ்சுப்பக்கம் கட்சிக்கு, கால்பக்கம் சங்கத்துக்கு என்று முடிவானது. சுவரில் போஸ்டர் ஒட்ட இடம் பிரிப்பார்களே, அப்படித்தான். நெஞ்சில் விழுந்த கொடியின் ஓரத்தைப் பார்த்தேன். என் மெஷினில் அடித்தது. இழுத்துக் கீழே போட்டேன்.

"பாட்டா வேண்டாம்ணு சொன்னவரு. எடுங்க எல்லாத்தையும்!"

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி ஓரத்துக்குக் கொண்டுபோனார். "எத்தன பேரு நிக்கியாவ, பாத்தியா? இவரு ஒனக்க பாட்டா மட்டுமில்ல, நாட்டுக்க ஆளாக்கும். சும்மா நில்லு."

கொடியைத் தூசி தட்டி மறுபடியும் விரித்தார்கள்.

மாமி துணியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றார். தலைவர் வந்தது முதல் அங்கேயே நின்றார். ஒரு கட்சிக்காரப் பையன், வேலைக்கு வந்த கிழவி என்று நினைத்தானோ என்னவோ, "அம்மச்சி, அங்கோட்டு மாறி நில்லு" என்றான். நான் அப்பாவிடம், "மாமி துணி போடணும்" என்றேன். "பெறகு போடலாம். தலைவருக்கு இன்னொரு எடத்துக்குப் போவணும்." பேச்சு முடிந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. போதகர் அவசரப்பட்டார். ஜெபம் முடிந்த கையோடு மூடியை வைத்துவிட்டு, மூடிக்கு மேலே கொடிகளை விரித்து, தூக்கிவிட்டார்கள். மாமியும் நானும் கூட்டத்துக்குப் பின்னால் நடந்தோம்.

கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டியதும் மழை கொட்டியது. குழிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். அப்போது ஒருவன் கத்தினான்.

"எலே, கொடி நனையுது! கொடிய எடுலே!"

நான்கைந்து பேர் பாய்ந்தார்கள். கட்சிக்கொடியைச் சுருட்டி ஒருவன் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். சங்கத்துக் கொடியை மடித்துக் குடைக்குள் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு கொடியும் மழை படாமல் சர்ச் தாழ்வாரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கூடவே கூட்டமும் போய் ஒதுங்கியது. பெட்டி சேற்றில் தனியாக இருந்தது. பலகை மேல் தண்ணீர் அடித்துத் தெறித்தது.

நான் மாமியைப் பார்த்தேன். மாமி பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மழைக்குள் இறங்கி நடந்தார். குழி வெட்டியவர் மட்டும் வாழை இலையைத் தலையில் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார்.

"மூடியத் தொற."

அவர் தயங்கினார். தாழ்வாரத்திலிருந்து அப்பா ஓடிவந்தார். "மாமி, இனி தொறக்கப்பிடாது. ஆளுவ பாக்கியாவ."

"பாக்கட்டு." மாமி தாழ்வாரத்தைப் பார்த்துத் திரும்பினார். அண்டியாபீசில் மற்ற பெண்களோடு சண்டை போட்ட குரல். மழையைத் தாண்டிக் கேட்டது. "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எனக்க மாப்பிள்ள தொடையில குண்டு பட்டுக் கெடந்து தூக்குண்ணு கேட்டாரு. இவன் அவர ஆத்தங்கரையில போட்டுட்டு ஒரு துணிக்கெட்டத் தூக்கிட்டுப் போனான். அந்தக் கெட்டும் தீயில போச்சு. இதாக்கும் ஒங்க கொடிக்காரன்."

நானும் குழிக்காரரும் மூடியைத் தூக்கினோம். மாமி துணியைப் பிரித்து, கழுத்திலிருந்து கால்வரை போட்டார். மழையில் அது உடனே நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஓரங்களைத் தோளுக்கடியில் செருகினார். குனிந்து அவருக்கு மட்டும் கேட்பதுபோல்தான் பேசினார், ஆனால் எனக்கும் கேட்டது.

"இது மன்னிப்பில்ல, கேட்டியா? நீ கேட்ட, போட்டேன். அவ்வளவுதான்."

மூடியை நாங்களே வைத்தோம்.

அப்பா தோற்றுவிடுவார் என்று நினைத்தேன். கல்லறையில் நடந்தது அன்று மாலைக்குள் முக்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்பா முகம் செத்துக் கிடந்தார். ஆனால் அடுத்த கூட்டத்தில், எங்கள் வீட்டுக்குக் கேட்கும் தூரத்தில் மைக் கட்டி, ஒரு பேச்சாளர் தொடங்கினார். கொடிக்காரர் யார் தெரியுமா, சொந்தத் தங்கையின் மாப்பிள்ளை ரத்தம் ஒழுகக் கிடந்து கூப்பிட்டபோதும், குடும்பத்தைப் பார்க்காமல் கொடியைப் பார்த்தவர். தங்கையின் தாலியை விடக் கடமை பெரிதென்று நினைத்தவர். அப்படிப்பட்டவரின் மகன் உங்களிடம் வோட்டுக் கேட்கிறார்.

கைதட்டினார்கள். மேடையில் அப்பா கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். யாரிடமும் சொல்லவேண்டாம் என்ற அதே அப்பா.

மாமி சாய்ப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் திட்டுவார், மைக்கைப் பிடுங்கப் போவார், நானும் கூடப் போகலாம் என்று காத்திருந்தேன். அவர் பானையை இறக்கி வைத்துவிட்டு, "கஞ்சி குடிக்கியா?" என்றார். அந்த அடுப்பிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் கஞ்சி அது.

அப்பா நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த வருடம் முக்கில் சிமென்ட் பீடம் கட்டி, கொடிக்கம்பம் நட்டு, பாட்டாவின் பெயரைப் பொறித்தார்கள். பெயருக்குக் கீழே கொடி காத்தவர் என்று எழுதியிருக்கிறது. யார் ஆட்சிக்கு வந்தாலும் அதில் தன் கொடியைக் கட்டுவார்கள். கம்பத்தில் கொடி இல்லாத நாளே கிடையாது.

கொட்டை வாங்கக் கொட்டகைக்குப் போகிற வழி அந்தப் பீடத்தைத் தாண்டித்தான். மாமி அந்த வழியை விட்டார். வெளை வரப்பு வழியாக, மழைக்காலத்தில் முழங்கால்வரை சேற்றில், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றிப் போனார். வழுக்கி விழுந்து இடுப்பு ஒடியும்வரை அப்படித்தான் போனார்.